பன் பெட்டித் தவளைகள்

ஆசை யாரை விட்டது? சிலருக்கு நிலத்தின் மேல், சிலருக்குச் சீட்டுக்கட்டின் மேல். இண்டூர்ப் பக்கத்து மாயவனுக்குத் தவளையின் மேல் வந்து தொலைத்தது. அதுவும் எப்போது? எண்பத்து மூன்றாம் வருடம். ஏரிக்குள் மாடு மேய்ந்த வருடம், ஊர்க் கிணறுகளில் வாளி விட்டால் சேறு வந்த வருடம். கேடுகாலம் வரும்போது கேட்டுக்கொண்டா வருகிறது!

மாயவன் சித்தேரி மலைக்குப் போகும் பஸ்ஸில் கண்டக்டர். நல்ல மனுஷன். பிள்ளைத்தாய்ச்சி ஏறினால் சண்டை போட்டாவது இடம் பிடித்துக் கொடுப்பான். கல்யாணமாகி வெகுகாலமாகியும் பிள்ளையில்லை. வீட்டில் அவனும் மனைவி செல்லம்மாளும்தான். வண்டி மலைமேல் தங்கும் நாட்களில் குள்ளம்மாளின் டீக்கடையில் படுத்துக்கொள்வான். அந்தக் கடையின் தண்ணீர்த் தொட்டிக்கு அடியில்தான் அவற்றைப் பார்த்தான். கறுத்த உடம்பு, முதுகில் செங்கல் நிறத்தில் திட்டுத் திட்டாகப் பூ. இத்தனை அழகைச் சாமி ஒரு தவளைக்கா கொடுத்தது என்று வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்துவிட்டான்.

"கெடைச்சதைத் தூக்கிக்கிட்டுப் போயிறாதீங்க கண்டக்டரே," என்றாள் குள்ளம்மாள். "ரெண்டும் ஆம்பளையா போயிட்டா ஒன்னை ஒன்னு ஒதைச்சிக்கும். சின்னதா, தொண்டை கறுத்து இருக்குது பாருங்க, அது ஆம்பளை. பருத்தது பொம்பளை. தொட்ட கையக் கழுவாம கண்ணுல வெச்சிராதீங்க, முதுகுல பால் வுடும், எரியும். அப்புறம், மழை வாசம் பட்டாத்தான் அது வாயத் தொறக்கும். தொறந்துச்சுன்னா வூட்ல ஒருத்தர் தூங்க முடியாது, ஆமா!"

கடைசியில் சொன்னதை அவன் காதில் வாங்கவே இல்லை. ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். பெண் பார்க்கப் போனபோதுகூட இவ்வளவு உற்றுப் பார்த்திருக்க மாட்டான். கண் தெளிந்த ஒரு சின்னதும், வயிறு உருண்ட ஒரு பெரியதுமாகப் பொறுக்கி, ஈரப்பாசியோடு துணிப்பையில் போட்டு மடியில் வைத்துக்கொண்டு மலையிறங்கினான்.

தருமபுரியில் ஒரு பேக்கரிக்காரர் கழித்துப் போட்ட கண்ணாடிப் பன் பெட்டி வீடாயிற்று. அடியில் ஓட்டுச் சில்லு, அதன்மேல் தேங்காய் நார், ஈரமண், மாஞ்சருகு. ஒளிந்துகொள்ள ஓர் உடைந்த சட்டி. மேலே கம்பி வலை. தீனிக்குக் கோழிக்குஞ்சுக்குச் செய்கிற வழிதான்: பானையில் சாணியும் வைக்கோலும் அடைத்துக் காட்டில் கவிழ்த்து வைத்தால் மறுநாள் கரையான் மொய்த்துக் கிடக்கும். எல்லாம் சரி, மண் காயக்கூடாதே. தினமும் ஒரு செம்புத் தண்ணீர் அதற்குப் போயிற்று.

"நான் இடுப்பொடியச் சொமந்து வர்ற தண்ணியில உங்க பொண்ணு மாப்பிள்ளைக்குக் குளியலா?" என்றாள் செல்லம்மாள். "நுணலும் தன் வாயால் கெடும்னு சொல்லுவாங்க. இது நம்மளையும் சேத்துக் கெடுக்கப் போவுது, பாருங்க."

"என் நுணலுக்கு வாயே இல்லடி," என்று சிரித்தான் மாயவன். மெய்தான். வந்த நாள் முதல் அது ஒரு சத்தம் போடவில்லை. மலைத் தவளை கீழே இறங்கினால் ஊமையாகிவிடும்போல என்று நினைத்துக்கொண்டான்.

ஊரில் அப்போது சென்னப்பனின் கிணற்றில் மட்டும்தான் தண்ணீர். மாரியம்மன் கோவில் தருமகர்த்தாவும் அவர்தான். கெட்டவர் என்று சொல்லிவிட முடியாது, யாரையும் கயிறு போடாதே என்று விரட்டியதில்லை. ஆனால் அந்தக் கிணறும் இறங்க இறங்க, ஊர் வாய் ஏறியது. தவளை கத்தினால்தானே மழை, அதை ஒருத்தன் பெட்டியில் அடைத்துவிட்டானே என்று முதலில் சிரித்துக்கொண்டு சொன்னார்கள். பிறகு சிரிக்காமல் சொன்னார்கள். மாயவன் பஸ்ஸை விட்டு இறங்கினால் ஊர் டீக்கடையில் பேச்சு நின்றது. ஒரு விடியலில் அவன் வாசலில் ஓர் உடைந்த குடம் கிடந்தது. சாவு வீட்டில்தானய்யா குடம் உடைப்பார்கள்! செல்லம்மாள் அதைக் கூட்டி அள்ளித் தெருமுனைக் குப்பையில் கொட்டிவிட்டு வந்தாள்.

அன்று சாயங்காலம் சென்னப்பன் வந்தார். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை.

"வெள்ளிக்கெழமை மழைக்காகத் தவளைக் கல்யாணம் மாயவா. ஊருக்குள்ள வேற தவளை ஏது? உன் ஜோடியக் குடுத்துரு. தாலி கட்டி ஏரிக் குழியில வுட்டுரலாம்."

"ஏரி காஞ்சி கெடக்குதுங்களேண்ணா. செத்துப் போயிருமுங்க."

"ஊரே சாவுது, நீ தவளைக்கு அழுவற. இங்க பாரு, அதுங்க இந்த வூட்டுப் பெட்டியில இருக்கற வரைக்கும் என் கெணத்துல உங்க கயிறு வேண்டாம்."

"குடுத்துருங்க," என்றாள் செல்லம்மாள், அவர் போன பிறகு. "தவளையா, குடிக்கற தண்ணியா? கால்ல வேணாலும் வுழறேன், குடுத்துருங்க."

தருகிறேன் என்று தலையாட்டினான். அப்படியே செய்திருந்தால் இந்தக் கதையே இல்லை. அவனுக்கு மனசு வரவில்லை. மஞ்சள் பூசுவார்கள், குங்குமம் அப்புவார்கள். தோலால் தண்ணீர் குடிக்கிற பிராணிக்கு அது நெருப்பு. மறுநாள் பஸ் கழுவும் இடத்துச் சாக்கடையில் இரண்டு சாதாத் தவளைகளைப் பிடித்தான். பன் பெட்டியைப் பின்கட்டில், காலியாகிப்போன கம்பங்குதிருக்குப் பின்னால் வைத்துச் சாக்கைப் போட்டு மூடினான். மஞ்சளும் குங்குமமும் பூசியபின் எது மலை, எது சாக்கடை என்று எவன் கண்டுபிடிப்பான்? செல்லம்மாளிடம்கூடச் சொல்லவில்லை, பாவி.

வெள்ளிக்கிழமை தானே மஞ்சளைக் குழைத்துப் பூசி, மூடிய கூடையில் கோவிலுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தான். சென்னப்பன் கூடையைத் திறந்து பார்த்தார். அவனையும் பார்த்தார்.

"பொட்டியில இருந்ததுதானே? கற்பூரத்தை அணை."

அம்மன் முன்னால் எரிந்த கற்பூரத்தை மாயவன் உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்தான். கை சுட்டது. மேளம் கொட்டியது, பெண்கள் குலவையிட்டார்கள். ஆம்பிளை என்றால் பெரிதாகத்தான் இருக்கவேண்டும் என்று பெரிய தவளைக்கு வேட்டியும் சின்னதற்குச் சிவப்புத் துணியும் சுற்றினார்கள். தாலி ஏறும்போதே சின்னது கால் நீட்டிவிட்டது. "பொண்ணு வெக்கப்பட்டுத் தூங்குது," என்றாள் ஒருத்தி. அது தூங்கவில்லை என்பது மாயவனுக்குத் தெரியும்.

ஏரிக் குழியில் விட்டுத் திரும்பும்போது மேற்கே கறுத்தது. காற்று புழுதியை வாரி அடித்தது. அதன் பின்னாலேயே மண் வாசனை. சடசடவென்று துளி! ஐயோ, ஜனங்களுக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்கவேண்டுமே! கிழவிகள்கூட ஆடினார்கள். ஏரிக்கரையில் முதல் வீடு மாயவனுடையது. சென்னப்பனும் ஊர் ஆட்களும் நனைந்து சிரித்துக்கொண்டே அதற்குள் ஓடிவந்தார்கள். செல்லம்மாள் கூரைத் தண்ணீர் சொட்டும் இறவாணத்துக்கு அடியில் குடங்களை வரிசையாக வைத்துவிட்டு, துண்டு எடுத்துக் கொடுத்தாள். எத்தனை நாள் கழித்து அவள் முகத்தில் சிரிப்பு!

"உன் தவளை ராசியான தவளைடா மாயவா," என்றார் சென்னப்பன், தலையைத் துவட்டிக்கொண்டே. "இனிமே எந்நேரமும் என் கெணத்துல உனக்குக் கயிறு உண்டு."

அப்போதுதான் பின்கட்டிலிருந்து, கன்றுக்குட்டி அடித்தொண்டையில் கத்துவதுபோல் ஒரு சத்தம் வந்தது.

மாயவன் இருமினான். மறுபடியும் கத்தியது. இன்னும் பலமாக இருமினான். அது விடவில்லை. தலை துவட்டிக்கொண்டிருந்தவர்கள் பின்கட்டுப் பக்கம் திரும்பினார்கள். செல்லம்மாள் புருஷன் முகத்தைப் பார்த்தாள், அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. "அடப்பாவி மனுஷா," என்றாள், பக்கத்தில் இருப்பவருக்குக்கூடக் கேட்காத குரலில்.

சென்னப்பன் எழுந்து உள்ளே போனார். சாக்கை இழுத்தார். கண்ணாடிக்குள் சின்னத் தவளை தொண்டையைப் பலூனாக ஊதிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. முதுகில் செங்கல் நிறப் பூ பளபளத்தது.

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால்கூடத் தேவலை.

"கற்பூரத்தை அணைச்சியேடா," என்றார்.

கூரைமேல் துளிச் சத்தம் குறைந்துகொண்டே வந்தது. எல்லாரும் அண்ணாந்து பார்த்தார்கள், பிறகு மாயவனைப் பார்த்தார்கள். ஒவ்வொருவராகக் குனிந்து வெளியே போனார்கள். சென்னப்பன் வாசலில் நின்று, அவனிடம் இல்லை, செல்லம்மாளிடம் சொன்னார்:

"நாளையிலருந்து தண்ணிக்கு வேற பக்கம் பாத்துக்க தாயி."

செல்லம்மாள் இறவாணத்துக் குடங்களை எட்டிப் பார்த்தாள். அடி நனைந்திருந்தது, அவ்வளவுதான். மேற்கே வானம் வெளுத்துவிட்டது. மழை நின்றுபோயிற்று. உள்ளே தவளை மட்டும் நிறுத்தவே இல்லை.