இன்பராணி சிக்குவின் வலது கால்

இன்பராணியின் கால்களை உற்றுப் பார்க்கும் தைரியம் ஸ்கூடாய் ஊரில் ஒருத்தருக்கும் கிடையாது. பார்த்திருந்தால் தெரிந்திருக்கும், வலது கெண்டைக்கால் இடதைவிட ஒரு சுற்றுப் பெருத்திருக்கும். ஓட்டமா, ஆட்டமா, ஒன்றும் இல்லை. இருபத்தெட்டு வருஷமாக வண்டி ஓட்டக் கற்றுக்கொடுக்கிறாள். பழகும் காரில் இடப்பக்கம், கற்றுக்கொடுப்பவரின் காலடியில், இன்னொரு பிரேக் இருக்கும். பயல்கள் சுவரைப் பார்த்தும் சாக்கடையைப் பார்த்தும் வண்டியை விடும்போதெல்லாம் அதை மிதித்து மிதித்தே அந்தக் கால் அப்படியாகிவிட்டது. தமிழ்ப் பிள்ளை, மலாய்ப் பிள்ளை, சீனப் பிள்ளை எல்லோருக்கும் அவள் 'சிக்கு'. ஆசிரியரை இந்த ஊரில் அப்படித்தான் கூப்பிடுவார்கள். "பிரேக் எதுக்குடா வெச்சிருக்கான், அழகுக்கா?" என்று அவள் போடும் சத்தம் பயிற்சித் திடலின் வேலிக்கு வெளியே, பஸ் நிற்கும் இடம்வரை கேட்கும்.

அப்பேர்ப்பட்டவளின் புருஷன்தான் லெஸ்லி. மாசாயில் ஒரு தொழிற்சாலையின் சாமான் கிடங்கைப் பார்த்துக்கொள்கிற சாதுவான மனுஷன். ஒரே மகள் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போனதும், ஐம்பத்து நான்கு வயதில் அவருக்குக் கை துறுதுறுத்தது. பழைய பிக்அப் ஒன்றை வாங்கினார். அதோடு விட்டாரா? வண்டியை மூன்று அங்குலம் தூக்கி, முப்பத்தைந்து அங்குல டயர் நான்கை மாட்டி, வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தி ஹாரன் அடித்தார். வீட்டு முன்கூரைக்குள் அது நுழையவே இல்லை. இன்பராணி ஏறுவதற்கு ஒரு பிளாஸ்டிக் முக்காலி வேண்டியிருந்தது. ஏறியதும் அந்த முக்காலியைக் கயிற்றால் உள்ளே இழுத்துக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் போன இடத்தில் இறங்க வழியில்லை. இத்தனை ஜம்பமும் காட்டுப் பாதைக்காம். ஒரு வருஷத்தில் அந்த வண்டி பார்த்த காடு, சிநேகிதர் வீட்டுக் கல்யாண விருந்துக்குப் போன செம்பனைத் தோட்டத்து மண் ரோடு மட்டும்தான்.

வில்லங்கம் மூவார் ஊருக்குப் போன அன்று தெரிந்தது. நல்ல வெயில். சாப்பிடத்தான் போனார்கள். ஊருக்குள் நுழையும் இடத்தில் சிவப்பு விளக்கு, அதன் கீழே கோழிக்கூண்டு ஏற்றிய லாரி ஒன்று நின்றிருந்தது. லெஸ்லி பிரேக்கில் கால் வைத்தார். வண்டி கேட்கவில்லை. இன்னும் மிதித்தார். அது பாட்டுக்குப் போய்க்கொண்டே இருந்தது. இன்பராணியின் வலது கால் தன்னாலே தரையை ஓங்கி மிதித்தது. அங்கே என்ன இருக்கிறது, ரப்பர் விரிப்புதான். கடைசியில் லாரிக்கு ஒரு சாண் பின்னால் வண்டி நின்றபோது, தூக்கிய வண்டி ஆனதால் கோழிகளும் அவர்களும் நேருக்கு நேர் முகம் பார்த்துக்கொண்டார்கள்.

"பாத்தியா ராணி, நின்னுடுச்சுல்ல?" என்றார் லெஸ்லி.

"கோழியே பயந்துபோச்சு லெஸ்லி. வாய மூடிட்டு ஓட்டுங்க."

அத்தோடு போயிருந்தால் ஒரு நாள் சண்டையோடு முடிந்திருக்கும். அடுத்த ஞாயிறு கோவிலில் அறிவிப்பு வாசித்தார்கள். புனித அந்தோணியார் திருவிழா பவனிக்கு இந்த வருஷம் அவருடைய சொரூபத்தைத் தூக்கி வரப்போவது சகோதரர் லெஸ்லியின் வண்டி. உயரமான வண்டி, எல்லோருக்கும் அந்தோணியார் தெரிவார். பதினெட்டு வருஷமாக லெஸ்லி அந்தக் கோவிலில் காணிக்கைப் பை பிடித்திருக்கிறார், அவர் பெயரை யாரும் ஒலிபெருக்கியில் சொன்னதில்லை. மனுஷனுக்குக் காது மடல்வரை சிவந்துவிட்டது. பக்கத்திலிருந்த இன்பராணியோ பவனி போகும் வழியை நினைத்துப் பார்த்தாள். கோவில் வாசலிலிருந்து பெரிய ரோடுவரை நல்ல இறக்கம். சொரூப வண்டிக்கு முன்னால் பூத்தூவிக்கொண்டு நடப்பவர்கள் பன்னிரண்டு குழந்தைகள். அந்த வண்டியின் முன்மூக்குக்குக் கீழே ஆறு வயதுப் பிள்ளை நின்றால் ஓட்டுகிறவருக்குத் தலைமுடிகூடத் தெரியாது.

"பிரேக்க மாத்தாம அந்த வண்டி கோவில் பக்கம் போகக் கூடாது," என்றாள் வீட்டுக்கு வந்ததும்.

"ஒரிஜினல் பிரேக்லா அது! சாமி கூட இருக்காரு, அப்புறம் என்ன பயம்?"

"அந்தோணியார் தொலைஞ்ச சாமானத்தான் கண்டுபுடிச்சுக் குடுப்பாரு. உங்க வண்டியில தொலையறதுக்கே பிரேக் இல்ல."

லெஸ்லிக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அதனால் சண்டையில் தோற்றுப்போனார். வண்டி மாசாயில் கண்ணையாவின் பட்டறைக்குப் போனது. கண்ணையா ஒரு காலத்தில் சிக்குவிடம் ஓட்டப் பழகித் தலையில் குட்டு வாங்கியவன். வண்டியைத் தூக்கிவைத்து, கீழே புகுந்து பார்த்துவிட்டு, "அலமாக்! ஐயய்யோ!" என்று கத்திக்கொண்டே வெளியே வந்தான்.

"அண்ணே, டயர் எவ்ளோ பெருசாச்சு, எவ்ளோ கனமாச்சு? அத நிறுத்தறது இந்தச் சின்ன டிஸ்க்குதான். கல்யாணப் பானைய டீ கரண்டியில கிண்டுற கதை இது. அது பத்தாதுன்னு வண்டியத் தூக்கிட்டீங்க, பிரேக் ஹோஸ் பழைய நீளத்துலயே விறைச்சு நிக்குது. ஒரு பெரிய பள்ளத்துல எறங்கிருந்தா புடுங்கிட்டுப் போயிருக்கும். சத்தியமா சொல்றேன், நீங்க இதுவரைக்கும் காட்டுக்குப் போகாததுதான் நல்லது."

முன்பக்கம் பெரிய டிஸ்க், அதைக் கவ்விப் பிடிக்கப் பெரிய காலிப்பர், புது பேட், நீளமான ஹோஸ், பின்சக்கர டிரம்மை அலசி இறுக்குவது என்று ஒரு பட்டியல் சொன்னான். லெஸ்லி எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். பிறகு கண்ணையா கழற்றிய பழைய பேட் இரண்டை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு இன்பராணியிடம் வந்தான். பேட்டின் முகம் கண்ணாடிபோல் வழவழவென்று மின்னியது.

"சிக்கு, கோவிச்சுக்காதீங்க. வண்டியில பாதி தப்பு, மீதி பாதி ஓட்டறவரு காலுல. அமுக்கிப் புடிச்சா பேட் தேயும். இது தேயல, மேலாப்புல சூடாகி மின்னுது. அண்ணன் பிரேக் புடிக்கறது இல்ல, தடவறாரு. யாருகிட்ட பழகினாரு இவரு?"

இன்பராணி பேட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

யாரிடம் பழகினார்? அவளிடம்தான். அப்போது அவளுக்கு வேலையில் முதல் வருஷம். இருபத்து மூன்று வயது. லெஸ்லி வண்டியைக் கிளப்பினால் கதை சொல்ல ஆரம்பிப்பார், சிவப்பு விளக்கு வந்தாலும் கதை நிற்காது. வேறு பையனாக இருந்தால் பிரேக்கை ஓங்கி மிதித்து, மூக்கு கண்ணாடியில் இடிக்க விட்டு, பரம்பரையையே இழுத்துத் திட்டியிருப்பாள். இவரைத் திட்ட மனசு வரவில்லை. சிரிக்கச் சிரிக்கப் பேசுகிறவர் முகம் வாடிப்போகுமே என்று, தன் பிரேக்கைப் பூப்போல, அவருக்குத் தெரியாமல் மிதித்துவிடுவாள். வண்டி அழகாக நிற்கும். லெஸ்லி தானே நிறுத்தியதாக நினைத்துக்கொண்டு ஸ்டியரிங்கைத் தட்டிக்கொடுப்பார். பரீட்சையில் மூன்று தரம் மண்ணைக் கவ்வினார். நாலாவது தரம் சீனப் புத்தாண்டுக்கு முந்திய வாரம், பாதி ஊர் கிளம்பிப் போய்விட்டது, ரோட்டில் நிறுத்தவேண்டிய அவசியமே வரவில்லை. தாளில் 'லுலுஸ்' என்று முத்திரை விழுந்தது. தேறிவிட்டாய் என்பதற்கு மலாயில் அதுதான் சொல். அடுத்த வருஷம் கல்யாணம். அன்றிலிருந்து இந்த விஷயத்தை அவள் ஃபாதரிடம் செய்யும் பாவசங்கீர்த்தனத்தில்கூடச் சொன்னதில்லை.

பிரேக் மாற்றி முடிந்ததும் கண்ணையா கண்டிப்பாகச் சொன்னான். புது பேட்டும் டிஸ்க்கும் ஒன்றோடொன்று சேர வேண்டும். அறுபது கிலோமீட்டர் வேகத்தில் போய், பத்துவரைக்கும் அழுத்திப் பிடித்துக் குறைக்க வேண்டும், முழுசாக நிறுத்தக் கூடாது. இப்படி முப்பது தரம். ஞாயிறு மத்தியானம், ஆளில்லாத தொழிற்பேட்டை ரோட்டுக்குப் போனார்கள். முதல் தரம் லெஸ்லி தடவினார். இரண்டாம் தரமும் தடவினார்.

"அமுக்குங்க லெஸ்லி!"

"அமுக்கிட்டுத்தான்லா இருக்கேன்! இருபத்தேழு வருஷமா இப்படித்தான் புடிக்கறேன். நீதான சொல்லிக் குடுத்த? உன் ஸ்டூடண்ட்லயே நான்தான் மெதுவா நிறுத்துவேன்னு நீயே சொல்லிருக்க!"

அவ்வளவுதான். அவளுக்குப் பன்னிரண்டு குழந்தைகளின் முகமும் கண்முன் வந்து நின்றது.

"நீங்க நிறுத்தல," என்றாள். "நான்தான் நிறுத்தினேன். ஒவ்வொரு தடவையும். உங்களுக்குத் தெரியாம."

லெஸ்லி வண்டியை ஓரங்கட்டினார், அதையும் தடவித்தான். கதவைத் திறந்து கோபமாக இறங்கினார். அவ்வளவு உயரத்திலிருந்து கோபமாக இறங்குவது லேசுப்பட்ட காரியமில்லை. கைப்பிடியைப் பிடித்து, ஒரு காலால் தரையைத் துழாவி, அப்புறம்தான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ள முடிந்தது. வீட்டுக்கு வண்டியை ஓட்டி வந்தது இன்பராணி. இரண்டு நாள் அவர் தானே மேகி கிண்டிச் சாப்பிட்டார். மூன்றாம் நாள், "ஃபாதர்கிட்ட சொல்லிடறேன், கோவில் பையன் ஆலன் ஓட்டட்டும். எனக்குத்தான் ஓட்டத் தெரியாதே," என்றார் சுவரைப் பார்த்து.

அந்தக் குரலைக் கேட்டு அவளுக்கு அழுகையும் வந்தது, ஆத்திரமும் வந்தது. பதினெட்டு வருஷத்தில் ஒரே ஒரு தரம் ஒலிபெருக்கியில் கேட்ட தன் பெயரையும் மனுஷன் விட்டுக்கொடுக்கப் பார்க்கிறார்.

"கெளம்புங்க," என்றாள். "ஆலனும் கீலனும் வேணாம். இன்னும் இருபத்தெட்டு தடவை பாக்கி இருக்கு."

அதே ரோடு. முக்காலியைப் போட்டு ஏறி, இழுத்துக்கொண்டு, இன்பராணி செருப்பைக் கழற்றினாள். இரண்டு காலையும் மேலே தூக்கி, இருக்கையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, பெல்ட்டை மாட்டினாள்.

"என்ன, பந்தியில உக்காந்த மாதிரி?"

"என் கால் கீழ இல்ல. இனிமே உங்க கால்தான். போங்க."

அறுபதில் போனது. "இப்ப," என்றாள். லெஸ்லி மிதித்தார். கண்ணாடியில் தொங்கிய ஜெபமாலை எகிறி முன்கண்ணாடியில் பட்டென்று அடித்தது, இன்பராணி பெல்ட்டில் தொங்கினாள், பின்னாலிருந்த முக்காலி பறந்து வந்து கியர் மேல் விழுந்தது. பிறகு லெஸ்லி, "அட, இது பிரேக்கா!" என்றார், புதுச் சாமானத்தைக் கண்ட பிள்ளையாட்டம். மீதி இருபத்தேழையும் அவரே கணக்கு வைத்து முடித்தார். சொன்னால் வெட்கக்கேடு, அவளுக்கு ஒவ்வொரு தரமும் வலது கால் துடித்தது, தொடைக்கு அடியில் அழுத்தி வைத்துக்கொண்டாள்.

திருவிழா அன்று சாயங்காலம் நாலு மணி. அந்தோணியார் மல்லிகையும் வண்ண விளக்குமாகப் பின்னால் நின்றார். குழந்தைகளுக்கும் வண்டிக்கும் நடுவில் நிறைய இடம் விட்டு, இரண்டு பேர் கயிறு பிடித்து நடக்க வேண்டும் என்று இன்பராணி கோவில் கமிட்டியை மிரட்டி வைத்திருந்தாள். அவள் பக்கத்து இருக்கையில் பட்டுச்சேலையோடு சம்மணம் போட்டிருந்தாள். வெளியிலிருந்து பார்த்தவர்கள் அவளையும் ஒரு சொரூபம் என்று நினைத்திருக்கலாம்.

இறக்கத்தில் பாதி தூரம். பூத்தூவிய பிள்ளைகளில் குட்டியான ஒன்றுக்குச் செருப்பு கழன்று பின்னால் கிடந்தது. அது திரும்பி ஓடி வந்தது. கயிறு அதன் தலைக்கு மேலே இருந்தது. அடியில் புகுந்து, வண்டியின் முன்மூக்குக்குக் கீழே குனிந்தது. காணோம்.

இன்பராணிக்குக் கத்த நேரமில்லை. கால் மடியில் கிடந்தது.

வண்டி நின்றது. தடவி இல்லை, ஊர்ந்து இல்லை. நச்சென்று நின்றது. அந்தோணியார் தன்னைக் கட்டியிருந்த கயிற்றில் முன்னால் ஒரு தரம் வணங்கி நிமிர்ந்தார். மூன்று மூச்சுக்குப் பிறகு பாப்பா எழுந்து, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் தன் கூட்டத்தோடு போய்ச் சேர்ந்தது. பாடல் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது.

கமிட்டித் தலைவர் தோமஸ் வியர்த்துக் கொட்ட ஓடி வந்து ஜன்னலைத் தட்டினார். "அந்தோணியார்தான் காப்பாத்தினாரு லெஸ்லி!"

"அவரு பின்னாலலா நின்னாரு," என்றார் லெஸ்லி. பிரேக்கிலிருந்து இன்னும் காலை எடுக்கவில்லை.

பவனி முடிந்து வண்டி கோவில் வாசலுக்குத் திரும்பிய பிறகு, அவர் எஞ்சினை அணைத்தார். முன்னால் பார்த்தபடியே, ஊரெல்லாம் கூப்பிடுகிற அந்தப் பெயரால், கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் முதல் முறையாக அவளைக் கூப்பிட்டார்.

"சிக்கு. லுலுஸா?"

இன்பராணி அழுதுகொண்டிருந்தாள். பட்டுச்சேலை முந்தானையால் மூக்கைத் துடைத்தாள்.

"லுலுஸ்," என்றாள். "முக்காலியப் போடுங்க. ரெண்டு காலும் மரத்துப்போச்சு."