பின்சந்துப் பரீட்சை

அந்த யோசனை தோன்றிய கணத்தில் என் சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. டீக்கடை முழுக்க எங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது.

பசுந்தாங் வட்டாரத்தில் நான் மாலை வகுப்பு எடுத்த கல்வி மையத்துக்கு நேர் கீழே அந்தக் கடை. மாமா, அதாவது அம்மாவின் தம்பி, வேலை முடிந்து அங்கே வந்து உட்காருவார். நான் வகுப்பு முடித்து இறங்கியதும் இருவரும் ஒரே பஸ்ஸில் வீட்டுக்குப் போவோம். அவருக்குக் காண்டோ எனப்படும் ஒரு பெரிய அடுக்குமாடிக் குடியிருப்பில் பராமரிப்பு வேலை. அங்கே மேல்மாடியில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற இயற்பியல் டீச்சர் ஒருவர், குழாயில் தண்ணீர் சொட்டுச் சொட்டாகத்தான் வருகிறது என்று தினமும் போன் போட்டு அவர் உயிரை வாங்குவார்.

"போன வருஷம் தொட்டியத் தூக்கி இரும்புச் சட்டத்து மேல வெச்சேன், கொஞ்சம் சரியாச்சு. இன்னும் பெரிய தொட்டியா வெச்சா அந்தம்மா வாய அடைச்சிரலாம். பெரிய தொட்டின்னா ப்ரெஷரும் பெருசு" என்றார் மாமா.

"இல்ல மாமா. தொட்டி எவ்ளோ அகலம்ங்கறதுக்கும் ப்ரெஷருக்கும் சம்பந்தமே இல்ல. உயரம் மட்டுந்தான்."

"போடி. நீ பொஸ்தகத்துல பாத்தவ, நான் மொட்டமாடியில பாத்தவன்."

விடுவேனா? ஒரு குண்டு பாட்டில், ஒரு ஒல்லி பாட்டில். இரண்டிலும் ஒரே உயரத்துக்குத் தண்ணீர். கடை அடுப்பில் ஆணியைக் காய்ச்சி இரண்டிலும் அடிப்பக்கம் ஒரே மட்டத்தில் ஓட்டை போட்டேன். இரண்டு பீச்சலும் ஒரே தூரத்தில் போய் விழுந்தன, பாதி என் மேல். மாமா குனிந்து பார்த்தார், நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"அடப்பாவி! அப்ப இத்தன வருஷமா தப்பாவே நெனச்சுக்கிட்டு சரியா வேல பாத்திருக்கேனா?"

அப்போதுதான் தோன்றியது. உயர்நிலைப் பள்ளி அறிவியலில் ஒரு பாடம் முழுக்க இதுதான். அதில் பாதி இந்த மனுஷரிடம் ஏற்கெனவே இருக்கிறது. மீதியை ஒரு டீ ஆறுவதற்குள் பிடித்துக்கொண்டார். பிறகு எதற்கு இவர் முதல் பக்கத்திலிருந்து உட்கார்ந்து படிக்க வேண்டும்? தெரிந்ததற்குப் பாடம் முடித்ததாகக் கிரெடிட்டைக் கொடுத்துவிட்டுத் தெரியாததை மட்டும் சொல்லிக்கொடுத்தால் ஆகாதா?

அவசரமும் இருந்தது. மாமா எட்டாம் வகுப்போடு நின்றவர். காண்டோவில் மேற்பார்வையாளர் செய்ய வேண்டிய அத்தனையையும் அவர்தான் செய்துவந்தார், பதவிதான் இல்லை. புதிதாக வந்த நிர்வாகம் உயர்நிலைச் சான்றிதழ் கேட்டது. மழைக்காலம் முடிவதற்குள் கொண்டுவந்தால் அவரே மேற்பார்வையாளர். இல்லாவிட்டால் சான்றிதழோடு வரும் யாரோ ஒருவருக்கு அவர் ஸ்பானர் எடுத்துக் கொடுக்க வேண்டும்.

எங்கள் மையம் ஒரு வெளிநாட்டுப் பள்ளியின் உயர்நிலைச் சான்றிதழுக்குப் பெரியவர்களைத் தயார் செய்தது. விதிமுறைகளைத் துழாவினேன். வேலையிலும் வாழ்க்கையிலும் கற்றதற்கு உள்ளூர் மையம் சோதித்துப் பரிந்துரைத்தால் கிரெடிட் தரலாம் என்று அதிலேயே இருந்தது. எங்கள் மையத்தில் அதை யாரும் தொட்டதே இல்லை. படியேறி ஓடினேன்.

மையத்தின் தலைவியை எல்லோரும் சயாமா என்போம். ஆசிரியை என்று பொருள். அவருடைய அப்பா தமிழர், ஆனால் தமிழ் தெரியாது என்பார். எங்கள் பேச்செல்லாம் பர்மியில்தான்.

"தமீ, அற்புதம்!" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். தமீ என்றால் மகள். "பரீட்சை என்றால் பெரியவர்கள் பயந்துவிடுவார்கள். எழுத வேண்டாம், செய்து காட்டட்டும். தெரிந்ததைச் செய்து காட்டுவதைவிட நல்ல பரீட்சை உண்டா?"

நான் கைதட்டினேன். இன்று நினைத்தாலும் உள்ளங்கை கூசுகிறது.

லைங் தாயாவில் ஆடைத் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் ஓர் அக்காதான் முதலில் சேர்ந்தார். அளவு, விகிதம், பரப்பு எல்லாம் கையில் இருக்கும் பெண். கணக்குக் கிரெடிட்டுக்காக அவர் செய்து காட்டியது: மையத்தின் எல்லா ஜன்னலுக்கும் திரைச்சீலை. நீலப் பூப்போட்ட துணி. நான் போட்டோ எடுத்து மையத்தின் இணையப் பக்கத்தில் போட்டேன், இதயங்கள் குவிந்தன. அடுத்து ஒரு சமையல்காரர். அவருடைய பரீட்சை, நன்கொடையாளர் விருந்து. அதற்கடுத்து ஒரு எலெக்ட்ரீசியன். மின்வெட்டில் எங்கள் இன்வெர்ட்டர் செத்துக் கிடந்தது, அவருடைய பரீட்சையில் அது உயிர் பெற்றது. மையத்துக்கு எது உடைந்ததோ அதற்கேற்ற பரீட்சையும், எது தேவையோ அதற்கேற்ற மாணவரும் சரியாக அமைந்துகொண்டே வந்தார்கள்.

ஒருநாள் அந்த அக்கா மாடியில் சரிகைத் துணியை வெட்டிக்கொண்டிருந்தார்.

"இது என்னக்கா?"

"சயாமா தங்கச்சி மகளுக்குக் கல்யாண உடுப்பு."

"கணக்குக் கிரெடிட் குடுத்துட்டாங்களா?"

"இன்னும் ஒண்ணு செஞ்சு காட்டணும்னாங்க. போன தடவையும் அதான் சொன்னாங்க."

"மாட்டேன்னு சொல்ல வேண்டியதுதானே!"

அக்கா என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "சயாமா கேக்கறாங்க, எப்டிம்மா மாட்டேன்னு சொல்றது? ஆனாதேம்மா."

ஆனாதே என்பது மறுத்தால் எதிராளி மனம் நோகுமே என்று நம் மனம் கூசுவது. இந்த ஊரில் ஆசிரியருக்கு வணக்கம் புத்தரோடும் பெற்றோரோடும் ஒரே வரிசையில் வைக்கப்படும். சின்ன வயதில் நானும் வகுப்பாசிரியைக்கு விசிறி வீசியிருக்கிறேன், சந்தோஷமாகவே. அந்தக் கூச்சத்தைவிட அழகான குணம் உலகத்தில் இல்லை என்று நம்பியிருந்தேன். அதை ஒருவர் குழாயைத் திறப்பதுபோலத் தேவைப்படும்போதெல்லாம் திறந்து பிடித்துக்கொள்ள முடியும் என்பதை அன்று பார்த்தேன். அந்த நீலப் பூத் திரைச்சீலையைப் பார்த்தாலே வாயில் புளித்த எச்சில் ஊறியது.

ஆனாலும் மாமாவுக்கு அப்படி நடக்காது என்று நினைத்தேன். நான் அங்கே வேலை செய்கிறேனே, அவர் என் மாமாவாயிற்றே.

மாமா தயாரானார். டீக்கடை மேஜையில் சூத்திரங்கள் எழுதிப் பார்த்தார். 'அடர்த்தி' என்கிற சொல் அவருக்குப் பிடித்துப்போனது. டீ தண்ணியாக இருந்தால் "அடர்த்தி பத்தல" என்று திருப்பி அனுப்பினார். காண்டோவின் குழாய் வரைபடத்தைப் பெரிய தாளில் மூன்று நிறத்தில் வரைந்தார். பரீட்சை நாளன்று இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, கோயிலுக்குக் கட்டும் பட்டு லுங்கி, நெற்றியில் விபூதி.

சயாமா வரைபடச் சுருளை வாங்கி, பிரிக்காமலே ஜன்னலோரம் வைத்தார்.

"காகிதம் எதற்கு? வாருங்கள், கீழே போவோம்."

எங்கள் கட்டடத்துக்கும் பின்னாலுள்ள கட்டடத்துக்கும் நடுவே ஒரு சந்து. எல்லா வீட்டுக் கழிவுக் குழாயும் அங்கேதான் இறங்கும். மேல்மாடிகளிலிருந்து குப்பைப் பைகளும் அங்கேதான் விழும். மழையில் ஊறிய சோறு, நாப்கின், செத்த எலி, அதன் மேல் சோப்பு நுரை. எங்கள் மையத்தின் கழிவறைக் குழாய் சந்துக்குள் இறங்குமிடத்தில் அடைத்துக்கொண்டு ஒரு வாரமாகப் பொங்கிக்கொண்டிருந்தது. நாங்கள் வகுப்பில் ஊதுபத்தி கொளுத்திச் சமாளித்தோம். நான் மூக்கைப் பொத்திக்கொண்டேன். சயாமா கைக்குட்டைக்குப் பின்னாலிருந்து, நான் அறிந்து முதல்முறையாக, தமிழில் பேசினார். சுத்தமான, சரளமான தமிழ்.

"அண்ணே, இதக் கொஞ்சம் பாத்து எடுத்துக் குடுத்திருங்கண்ணே. உங்க ஆளுகளுக்குத் தெரியாததா?"

மாமாவின் தாத்தா இதே ஊரில் நகரசபைக்காக மல வாளி சுமந்தவர். எங்கள் வீட்டில் யாரும் இதைப் பேசுவதில்லை. 'நகரசபை உத்தியோகம்' என்பதோடு நிறுத்திக்கொள்வோம். சயாமாவுக்கு அதை யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை போலிருக்கிறது. எங்கள் நிறத்தையும் பேரையும் வைத்து அவரே கணக்குப் போட்டுக்கொண்டார்.

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். நாற்றத்தால் என்றுதான் எல்லோரும் நினைத்திருப்பார்கள்.

"மாமா, வாங்க போயிரலாம்."

"இரு புள்ள. பரீட்சைக்கு வந்துட்டு எந்திரிச்சுப் போனா பெயிலுதான?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். சட்டையைக் கழற்றி என்னிடம் கொடுத்தார். வாட்ச்மேனிடம் பழைய கைலி ஒன்று வாங்கிக் கட்டினார். மூங்கில் பட்டையை விட்டுக் குத்தினார், அது வழுக்கி வந்தது. கடைசியில் முழங்கை வரை கையை விட்டார். வெளியே வந்தது ஒரு முழ நீளத் துணி, கருத்து, சளிபோல வழிந்தபடி. நீலப் பூ லேசாகத் தெரிந்தது. திரைச்சீலை தைத்த மிச்சத்தை யாரோ தரை துடைத்துவிட்டுக் கழிவறையில் போட்டிருக்கிறார்கள். உள்ளே தேங்கியதெல்லாம் ஒரே மூச்சில் பாய்ந்து அவர் மார்பு வரை அடித்தது. சயாமா கைபேசியை நீட்டி, "அண்ணே, இங்க பாருங்க" என்று படம் எடுத்தார்.

அடுத்த வாரம் முடிவு வந்தது. விருப்பப் பாடம், 'சுகாதாரப் பணி'யில் அரைக் கிரெடிட். மாமாவுக்கு வேண்டியது அறிவியல். அது இல்லாமல் சான்றிதழ் கிடையாது.

"சயாமா, அறிவியல் என்னாயிற்று?"

"சாக்கடை அள்ளுவது அறிவியலா, தமீ?"

"பின்னே அதை ஏன் பரீட்சையாக வைத்தீர்கள்?"

"அவருக்கு வருவதைத்தானே கேட்டேன்." முகத்தில் ஒரு சுருக்கம்கூட விழவில்லை. "மொட்டைமாடித் தொட்டியும் கழுவ வேண்டியிருக்கிறது. அடுத்த மாதம் வரச் சொல். அறிவியலைப் பற்றி அப்போது பார்ப்போம்."

தேன் தடவிய குரல். அதே குரலில்தான் என்னைத் தமீ என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார். மையத்துச் சாவியை மேஜையில் வைத்தேன், வரைபடச் சுருளை எடுத்துக்கொண்டேன். இறங்கி வரும்போது கைப்பிடிச் சுவரைத் தொடவும் அருவருப்பாக இருந்தது.

பரீட்சை நாளன்று வீடு திரும்பிய பஸ்ஸை என்னால் மறக்க முடியவில்லை. வாட்ச்மேன் கொடுத்த ஒரு வாளித் தண்ணீரில் மாமா குளித்திருந்தார், ஆனாலும் வாடை போகவில்லை. எங்களைச் சுற்றி இருந்தவர்கள் ஒவ்வொருவராக விலகி நகர்ந்தார்கள்.

"பாத்தியா, இத்தன வருஷத்துல இன்னிக்குத்தான் இந்த பஸ்ல ஒக்கார எடம் கெடச்சிருக்கு" என்றார்.

நான் சிரிக்கவில்லை. அவர் ஜன்னலைப் பார்த்தபடி சொன்னார்: "எங்க தாத்தா இதச் செஞ்சப்ப நகரசபைக்காரன் சம்பளமாச்சும் குடுத்தான்."

"மாமா..."

"அதக்கூட விடு. கைய விட்டது எனக்குப் புதுசு இல்ல, கழுவினாப் போவுது. ஒரு கேள்வி கேக்கலயேடி. ராத்திரி பூரா அடர்த்தி, ஆழம்னு மனப்பாடம் பண்ணிட்டுப் போனேன். ஒரே ஒரு கேள்வி. தப்பாச் சொல்லியிருப்பேன், இல்ல சரியாச் சொல்லியிருப்பேன். யாரும் கேக்கலயே."

வேலையை விட்ட அன்றே வெளிநாட்டுப் பள்ளிக்கு நேராக எழுதினேன். பதில் சுருக்கமாக வந்தது. வாய்மொழித் தேர்வைப் பதிவு செய்து அனுப்பினால் பரிசீலிப்பார்களாம். ஆனால் கேள்வி கேட்பவர் தகுதி பெற்ற ஆசிரியராக இருக்க வேண்டும், உறவினராக இருக்கக் கூடாது. பரிசீலிப்போம் என்றார்களே தவிர, தருவோம் என்று சொல்லவில்லை. மழைக்காலமோ ஏறக்குறைய முடிந்துவிட்டது.

எனக்குத் தெரிந்த ஒரே இயற்பியல் ஆசிரியர் அந்த மேல்மாடி டீச்சர்தான். போய்க் கேட்டேன். கதவைப் பாதி திறந்து, "உன் மாமாவா? முதலில் என் குழாயில் தண்ணீர் வரட்டும்" என்றார். பின்சந்துக் கதையைச் சொன்னேன். கதவை முழுக்கத் திறந்து என்னை உள்ளே உட்கார வைத்தார். "கேட்கிறேன். ஆனால் எனக்குத் தாட்சண்யம் கிடையாது. தெரியாவிட்டால் தெரியவில்லை என்றுதான் போடுவேன்."

மாமாவிடம் சொன்னபோது தலையில் கை வைத்துக்கொண்டார். "அந்தம்மாவா! தண்ணி வராத கோவத்த பூரா என் மேல காட்டுமே!"

"வேண்டாம்னா விட்டுரலாம் மாமா."

"ஏய், நான் வேண்டாம்னு சொன்னனா?"

ஞாயிறு காலை, காண்டோ மொட்டைமாடியில், அந்த இரும்புச் சட்டத்தின் நிழலில் பரீட்சையை வைக்கப்போகிறோம். கைபேசியை முந்தின நாளே சார்ஜ் செய்து வைக்க வேண்டும், கரண்டை நம்ப முடியாது. குண்டு பாட்டிலும் ஒல்லி பாட்டிலும் தயார். தையல் அக்காவையும் வந்து பார்க்கச் சொல்லியிருக்கிறேன். கணக்கு டீச்சர் ஒருவர் கிடைத்தால் அடுத்த ஞாயிறு அக்காவின் பரீட்சை. "சயாமாவுக்குத் தெரிஞ்சா என்ன நெனைப்பாங்க?" என்றார் அக்கா. வருவதாகவும் சொன்னார். கல்யாண உடுப்பு பாதியில் நிற்கிறதாம்.

வெள்ளைச் சட்டையில் வாடை இன்னும் இருக்கிறது என்று மாமா பிடிவாதம் பிடிக்கிறார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை, இருந்தாலும் மறுபடி ஊறப்போட்டிருக்கிறேன். நேற்று டீக்கடையில் வரைபடத்தை விரித்து, தொட்டியிலிருந்து மேல்மாடிக்கு இறங்கும் கோட்டை விரலால் தடவிக்கொண்டே சொன்னார்:

"அந்தம்மாகிட்ட சொல்லிரு. கேள்வி கஷ்டமாவே கேக்கட்டும்."