ஆறு டின் எண்ணெயும் அடைத்த மூக்கும்

மகள் மருந்துக் கடையிலிருந்து ஒரு சின்னக் குப்பி வாங்கி வந்தாள். ஏதோ மூலிகைச் சாறாம். மூக்கில் பீய்ச்சினால் சைனஸ் வீக்கம் வடிந்து, உடம்பின் எதிர்ப்புச் சக்தி விழித்துக்கொள்ளுமாம். பீய்ச்சினேன். கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர் கொட்டியது. அந்த நெடியில் எனக்குச் சிங்கவரத்துக் கல்யாண வீடு ஞாபகம் வந்துவிட்டது.

அறுபதுகளில் செஞ்சிக் கடைத்தெருவில் ஓர் எண்ணெய்க் கடையில் இருந்தேன். என்ன வேலை என்று சொன்னால் சிரிப்பீர்கள். மோந்து பார்ப்பது! செக்கிலிருந்து வரும் மல்லாட்டை எண்ணெய், அதாவது கடலை எண்ணெய் டின்னில் காறல் வாடை இருக்கிறதா என்று நான்தான் சொல்ல வேண்டும். முதலாளி என் மூக்கைப் பற்றி வருகிறவர்களிடமெல்லாம் அளப்பார். எனக்கும் தலைக்கனம் இல்லாமலில்லை.

ஒரு தை மாதப் பனியில் அந்த மூக்கு அடைத்துக்கொண்டது. புருவத்துக்கு மேலே விண்விண்ணென்று வலி, கன்னமெல்லாம் வீக்கம். மல்லிகையும் மண்ணெண்ணெயும் எனக்கு ஒன்றாகிவிட்டன. வெளியே சொன்னால் வேலை போய்விடுமே! சிங்கவரத்துக் கல்யாணத்துக்கான ஆறு டின்னையும் வழக்கம்போல் கண்ணை மூடி முகர்ந்து, தலையாட்டி அனுப்பிவிட்டேன். நடிப்பு நன்றாகத்தான் இருந்தது. ஆனால் மறுநாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு டின் காறலாக இருந்தாலும் பந்தியில் பெண் வீட்டார் மானம் போய்விடும்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் மத்தியானம் அது. சைக்கிளை மிதித்துக்கொண்டு போனேன். பந்தலுக்குப் பின்னால் சமையல்காரர் அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தார். நாலு நாளாக மூக்கு அடைத்திருக்கும் விஷயத்தைக் காதோடு சொல்லி, "நீங்க கொஞ்சம் மோந்து பாருங்கண்ணே" என்று கெஞ்சினேன்.

"இன்னாத்த மோந்து பாக்கறது? எனக்கே மூணு நாளா மூக்கு அடைச்சிகினு கெடக்குது" என்றார்.

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அவர் அசரவில்லை. வேலியில் நொச்சித் தழையை ஒடித்து, கொஞ்சம் ஓமத்தோடு சாம்பார் அண்டாவில் கொதிக்கவைத்து இறக்கினார். இருவரும் ஒரே ஜமுக்காளத்துக்குள் தலையை நுழைத்தோம். வெளியே பந்தல் போடுகிறவர்கள் சிரிப்பது கேட்டது.

"நொச்சி வழிதான் தொறந்துவுடும் தம்பி. சண்ட போடறது உன் ஒடம்பு. நாலு நாளா அதானே போட்டுனு இருக்குது" என்றார், தும்மல்களுக்கு நடுவே.

சட்டென்று என் இடது மூக்கு மட்டும் திறந்தது. முதலில் வந்தது அவருடைய பீடி வாடை. அப்படியொரு நல்ல வாடையை நான் அதுவரை முகர்ந்ததில்லை. ஜமுக்காளத்தை உதறிவிட்டு டின்களிடம் ஓடினேன். ஐந்து நன்றாக இருந்தன. ஆறாவது சுத்தக் காறல்.

அதைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போய் முதலாளியிடம் உண்மையைச் சொன்னேன். "சளி புடிச்சா லீவு போடறதுக்கின்னாடா? பைத்தியக்காரா" என்று வேறு டின்னை எடுத்துக் கொடுத்தார். அவ்வளவுதான். இதற்கா அத்தனை நாள் பயந்து செத்தேன்!

கல்யாணத்தன்று பந்தி ஓரமாக நின்று, வடையைக் கடிக்கும் ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். ஒருவரும் சுளிக்கவில்லை. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

இப்போது அந்தக் கடை இல்லை. நொச்சி வேலி இருந்த இடத்தில் கம்பி வேலி. எண்ணெய் உறையில் தேதி அச்சடித்து வருகிறது; மகள் அதைப் பார்த்துவிட்டு வாணலியில் ஊற்றுகிறாள். நல்ல ஏற்பாடுதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த எண்ணெயை நல்லது என்று சொன்னவன், சாப்பிடுகிறவர்கள் முகத்தைப் பார்க்க எந்தப் பந்தி ஓரத்திலும் வந்து நிற்பதில்லை.