அம்மா கொட்டிய உம்

எங்கள் ஊர்ப் பக்கத்தில் ஒருவர் பேசும்போது மற்றவர் வாயை மூடிக்கொண்டு கேட்பதில்லை. பேச்சுக்குப் பேச்சு "ம்", "ஆமாங்க", "அட" என்று ஏதாவது வந்துகொண்டே இருக்க வேண்டும். வரவில்லையென்றால் கோபம் என்று அர்த்தம். பேசுகிறவர் பாதியில் நிறுத்தி, "ஏனுங்க, எம்மேல ஏதாச்சும் வருத்தமுங்களா?" என்று கேட்டுவிடுவார். அம்மாவோ, பஸ்ஸில் முன்பின் தெரியாத ஒருத்தி மாமியாரைப் பற்றிக் குறை சொன்னால்கூட ஜேடர்பாளையத்தில் இறங்கும்வரை உம் கொட்டிக்கொண்டே வருவாள்.

நான் பாலிடெக்னிக்கில் சேர்ந்த வருஷம்தான் அண்ணன் கொத்து வேலைக்கு மஸ்கட் போனான். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்கு மேல் படித்தவன் நான் ஒருவன்தான். அது அவன் கை காய்ப்பில் நடந்தது. நான் சேலத்தில் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் டெக்னீசியனாகச் சேர்ந்த கொஞ்ச நாளில் அப்பா இறந்துவிட்டார். தந்தி அடித்தோம். அங்கே முதலாளி பாஸ்போர்ட்டைக் கொடுக்கவில்லை. மூத்தவன் வைக்க வேண்டிய கொள்ளியை இளையவன் நான் வைத்தேன்.

"அப்பன் செத்ததுக்கு வராதவன் இனி எதுக்கு வாரான்?" என்றார் பெரியப்பா, அம்மாவுக்குக் கேட்கும்படி. அம்மா வாய் திறக்கவில்லை. அவள் மனதில் என்ன இருந்தது என்று அன்றைக்கு எனக்கும் தெரியாது.

அடுத்த மாசம், ஞாயிற்றுக்கிழமை போனில் அம்மாவிடம் பேச வேண்டும் என்று அண்ணன் எழுதியிருந்தான். அஸ்தம்பட்டியில் ஒரு டாக்டர் எனக்குப் பழக்கம். அவர் கிளினிக் நம்பரைக் கொடுத்திருந்தேன். அம்மாவை ஊரிலிருந்து கூட்டிவந்து உட்கார வைத்தேன். பெஞ்சு நிறைய நோயாளிகள்.

மணி அடித்தது. "சத்தமாப் பேசுங்கம்மா, கடல் தாண்டிப் போவோணும்" என்றார் கம்பவுண்டர்.

"நோவுக்காரங்க உக்காந்திருக்கற எடத்துல கத்துனா நல்லாவா இருக்கும்?" என்று சொல்லிவிட்டு, அம்மா முந்தானையால் வாயை மறைத்துக்கொண்டு ரிசீவரை வாங்கினாள். நானும் காதை ஒட்டிவைத்துக்கொண்டேன்.

"அம்மா, அவங்கால்ல உழாத கொறைதான். உடமாட்டேன்னுட்டான். அன்னிக்குப் பூராம் சாரத்து மேல நின்னு கல்லு வெச்சிட்டிருந்தேன். கண்ணு தெரியில..." அண்ணன் மூச்சுவிடாமல் பேசினான். அம்மா மெல்ல, "ம்... ம்..." என்றாள். "கொள்ளி வெக்காதவன்னு நீயும் நெனைக்கறயாம்மா? ஊரு சொல்றாப்பல நீயும் சொன்னீன்னா நான் அங்க வந்து எந்த மூஞ்சில முழிப்பேன்..." அவன் நிறுத்துவதற்குள்ளேயே அம்மா சொல்லிவிட்டாள்: "இல்ல சாமி. ம்... இல்ல."

அண்ணன் சட்டென்று நின்றான். "அம்மா? இருக்கறயா? தம்பி, அம்மா எந்திரிச்சுப் போயிருச்சா?"

அம்மாவுக்கு அழுகை முட்டிக்கொண்டதால் நான்தான் ரிசீவரைப் பிடுங்கி, "இருக்காங்கண்ணா, கேட்டுட்டுத்தான் இருக்காங்க" என்றேன்.

"செரி" என்றான். "செரி, வெச்சுப்போடறேன்" என்று அவன் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அம்மா என் கையிலிருந்த ரிசீவரின் பக்கம் குனிந்து, "ஊட்டுக்கு வா சாமி" என்றாள். லைன் போய்விட்டது.

பஸ்ஸில் திரும்பும்போது அம்மாவின் முகம் தெளிந்திருந்தது. "மனசு லேசாச்சு கண்ணு. சொல்ல வேண்டியதச் சொல்லிப்போட்டேன்."

அதன் பிறகு அண்ணனிடமிருந்து நெடுநாள் கடிதம் இல்லை. கடைசியில் எனக்கு வந்ததில், அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை, இனி ஊருக்கு வந்து என்ன ஆகப்போகிறது என்று இருந்தது. படித்துக் காட்டினேன். அம்மா என்னையே பார்த்தாள்.

"நான் உம் கொட்டிட்டேதானடா இருந்தேன்? வான்னும் சொன்னேனே?"

"சொன்னீங்கம்மா. நானே கேட்டேன்."

அப்படியே அவனுக்கு எழுதினேன். தம்பி ஆறுதலுக்குச் சொல்கிறான் என்று நினைத்திருப்பான். அவன் தங்கியிருந்த கொட்டகையில் போன் கிடையாது. ஐப்பசி மழையில் அம்மா காய்ச்சலில் படுத்தாள், எழுந்திருக்கவில்லை. தாய்க்கு இளையவன் கொள்ளி. அதனால் அந்தத் தடவை அண்ணன் வராததை ஊரில் யாரும் பெரிதாகப் பேசவில்லை.

பிறகு எக்ஸ்சேஞ்சில் என்னை மதராஸுக்குப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். அங்கே வகுப்பில்தான் ஒரு பெட்டியைப் பற்றிக் கேட்டேன். கடல் தாண்டும் பேச்சு செயற்கைக்கோளுக்கு ஏறி இறங்கும்போது, பேசுகிறவரின் குரலே சற்றுத் தாமதித்து அவர் காதுக்குத் திரும்பி வரும். அதைத் தடுக்கத்தான் லைனில் அந்தப் பெட்டியை வைத்திருந்தார்கள். ஒரு பக்கம் பேசிக்கொண்டிருக்கும்போது மறுபக்கத்திலிருந்து மெல்லிய சத்தம் எது கிளம்பினாலும், அதை எதிரொலி என்று எடுத்துக்கொண்டு பெட்டி வழியை அடைத்துவிடும். உரக்கக் கத்தினால்தான் திறக்கும்.

"ஒருத்தர் முடிச்சப்புறம் இன்னொருத்தர் மரியாதையாப் பேசினா பிரச்சினையே இல்லை" என்றார் ஆசிரியர். வகுப்பு சிரித்தது. நான் வெளியே போய் குழாயடியில் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

எண்பதுகளின் கடைசியில் அந்தப் பெட்டிகளுக்குப் பதிலாக டிஜிட்டல் மின்னணு அட்டைகள் வந்தபோது, மதராஸ் எக்ஸ்சேஞ்சில் அவற்றைப் பார்த்துக்கொள்ளும் வேலையைக் கேட்டு வாங்கினேன். புது அட்டை எதையும் அடைப்பதில்லை. வருகிற குரலை நினைவில் வைத்து, திரும்பிப்போவதிலிருந்து அந்தக் குரலின் சாயலை மட்டும் கழித்துவிடும், மிச்சத்தை விட்டுவிடும். ஆனால் அந்தக் கணக்குக்குச் சுமை அதிகம். பண்டிகை நாளில் எல்லா லைனிலும் ஒரே நேரத்தில் பேச்சு ஓடினால் அட்டை திணறும். திணறினால் சில லைன்களைப் பழையபடி அடைக்கும் முறைக்கே தள்ளிவிடும். பாரத்தை அட்டைகளுக்குள் பிரித்துவிடுவது என் வேலை.

"ஒண்ணு ரெண்டு போனா போகட்டும்யா, யாருக்குத் தெரியப்போகுது?" என்பார் மேலதிகாரி. நான் சாப்பிடப் போகாமல் உட்கார்ந்து மாற்றிப் போடுவேன்.

அண்ணனுக்கும் அப்போது வேலை செய்யும் இடத்தில் போன் வந்திருந்தது. ஒருநாள் எக்ஸ்சேஞ்சிலிருந்தே கூப்பிட்டு, பெட்டியைப் பற்றி முதலிலிருந்து சொன்னேன். அவன் "ம்", "ம்" என்று கேட்டுக்கொண்டிருந்தான். நான் பேசப் பேச ஒவ்வொரு உம்மும் என் காதுக்கு வந்தது.

"அம்மா உம் கொட்டிட்டேதாங்கண்ணா இருந்தாங்க. நீங்க அப்படிக் கேட்டப்போ, இல்ல சாமின்னாங்க. கடைசியா ஊட்டுக்கு வான்னாங்க."

அதற்கு உம் வரவில்லை.

அட்டையின் விளக்கைப் பார்த்தேன். சுமை குறைவாகத்தான் இருந்தது, எதையும் அடைக்கவில்லை. வெகுநேரம் கழித்து மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது.

"இப்ப ஊட்டுல யாருடா இருக்கறாங்க?" என்றான் அண்ணன்.

"பூட்டித்தாங்கண்ணா கெடக்குது."

"ம்" என்றான்.