வாசலில் சிவப்புச் சொட்டு

காலை எட்டு நாற்பதுக்குக் கார் ஏற மறுத்தது. கல்வராயன் மலைப்பாதையில் பாதி வழி. இஞ்சின் அலறியது, சக்கரம் நகரவில்லை. பிரேக்கிலிருந்து காலை எடுத்தால் வண்டி பின்னால் பள்ளத்தை நோக்கி உருண்டது.

பக்கத்தில் என் மகள். வெள்ளிமலை சுகாதார நிலையத்தில் நர்ஸ் வேலை கிடைத்திருந்தது. பத்து மணிக்குள் கையெழுத்துப் போடாவிட்டால் பட்டியலில் அடுத்த பெண்ணுக்குப் போய்விடும். "பஸ்ல போய்க்கிறேம்மா" என்றுதான் சொன்னாள். நான் விடவில்லை. மூட்டு அறுவைக்குப் பிறகு கிளட்ச் மிதிக்க முடியாமல் வாங்கிய ஆட்டோமேட்டிக் கார். அதில் அவளைக் கொண்டுபோய் இறக்கவேண்டும் என்று எனக்கு ஆசை.

ஆயுதபூஜை முடிந்ததிலிருந்து அவள் சொல்லிக்கொண்டிருந்தாள், காருக்கடியில் சிவப்பாகச் சொட்டுகிறதென்று. நான் குனிந்துகூடப் பார்க்கவில்லை. வாசலில் ஆரத்தி சுற்றி ஊற்றிய இடம், அந்தக் கறைதான் என்றேன். அவள் கழுவப் போனபோது, ஆரத்தியைக் கழுவுவார்களா என்று திட்டினேன். கியரை டிரைவுக்குத் தள்ளினால் வண்டி சற்றுத் தயங்கியே எடுத்தது. அதற்கும் ஆக்சிலேட்டரை அழுத்தி மிதித்தேன், அவ்வளவுதான்.

"சொன்னேனேம்மா" என்றாள்.

"உன் ராசி. நீ ஏறினா எதுதான் உருப்படும்?" என்றேன். அவள் நிச்சயதார்த்தம் நின்றுபோய் மூன்று மாதம்கூட ஆகவில்லை.

அவள் இறங்கிப் பாதையோரம் நின்றாள். ஒன்பதரைக்குத்தான் மேலே போன ஒரு ஜீப்பைக் கைகாட்டி நிறுத்த முடிந்தது. "இன்னாம்மா, கியரில்லாத வண்டியா? தானா ஏறிக்கும்னு வுட்டுட்டியா?" என்றான் டிரைவர். உள்ளே நெருக்கி உட்கார்ந்திருந்த பெண்கள் சிரித்தார்கள். என் மகள் பின்படியில் தொங்கிக்கொண்டு போனாள். திரும்பிப் பார்க்கவில்லை.

கள்ளக்குறிச்சியிலிருந்து மெக்கானிக் வர மணி பதினொன்று. அடிப்பாகத்தைத் துடைத்து, ஓர் அட்டையை விரித்து, இஞ்சினை ஓடவிட்டு, கியரை ஒவ்வொன்றாக மாற்றச் சொன்னார். ரேடியேட்டர் பக்கம் முதல் துளி விழுந்தது. விரலில் தொட்டு முகர்ந்து என்னிடம் நீட்டினார். சிவப்பு, வழவழப்பு, லேசான கருகல் வாடை.

"கியர் ஆயில்ங்க. ஆயில ஆத்துற கூலருக்குப் போற ரப்பர் டியூப் முனையில வெடிச்சிருக்கு. ரொம்ப நாளா ஒழுவிக்கினு இருந்திருக்கு. ஆயில் இல்லாம வண்டி எப்படி இழுக்கும்? வாசல்ல கறை பாக்கலீங்களா?"

வெடித்த முனையை வெட்டிவிட்டு, புது கிளாம்பு போட்டு முறுக்கி, ஆயிலை நிரப்பி, அட்டையை மறுபடி விரித்தார். காய்ந்தே இருந்தது. ஒரு மணி நேர வேலைகூட இல்லை.

அவர் போன பிறகு மேலேயிருந்து வந்த பஸ் நின்றது. என் மகள் படியிலிருந்து இறங்காமலே குனிந்து அட்டையைப் பார்த்தாள்.

"பத்து தாண்டிடுச்சு. கையெழுத்து அடுத்த பொண்ணு போட்டுட்டா. நீ வண்டிய எடுத்துக்கினு வாம்மா. நான் பஸ்லயே போறேன். என் ராசிக்கு மறுபடியும் நின்னுடப் போவுது."