தேய்க்கத் தெரியாத கை

பழைய ரப்பர் இளகும்போது ஒரு வாசனை வரும். பாகு கெட்ட வெல்லமும் மழையில் நனைந்த சைக்கிள் டியூபும் கலந்த மாதிரி. போன வாரம் பரணிலிருந்து இறக்கிய அட்டைப்பெட்டியைத் திறந்ததும் அந்த வாசனைதான் முதலில் எழுந்து வந்தது; பொருள் பிறகுதான் கண்ணில் பட்டது. கறுப்பு ஜாய்ஸ்டிக் ஒன்று. கைப்பிடி ரப்பர் இளகி விரலில் கோந்தாக ஒட்டியது. ஐம்பதை நெருங்குகிற ஆள் செய்கிற காரியமா என்று கேட்காதீர்கள், அதை மூக்கருகே கொண்டுபோய் நன்றாக முகர்ந்தேன். ரப்பருக்கு அடியில் கொஞ்சம் கந்தகம் இருப்பதாக மூக்கு சொன்னது. இத்தனை வருஷம் கழித்து இருக்க வாய்ப்பே இல்லை. ஆனால் மூக்கு எப்போது நியாயம் பார்த்திருக்கிறது?

பெட்டியைத் தேடியதற்குக் காரணம் அண்ணன் மகள். திருப்பூரிலிருந்து போன் செய்தாள்.

"சித்தப்பா, பெரிய ரோபோவுக்குள்ள உக்காந்து சண்டை போடுற கேம் ஒண்ணு வாங்கிருக்கேன். இதுக்கு ஜாய்ஸ்டிக் நல்லதா, மவுஸ் நல்லதா? அம்மாகிட்ட கேட்டேன். அத உங்க சித்தப்பாகிட்டத்தான் கேக்கணும்னு சிரிச்சிச்சு."

யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். இரண்டே சொல்லில் ஒன்றைச் சொல்லவேண்டிய கேள்வி. ஒரு வாரமாகியும் சொல்லவில்லை.

அவள் அம்மா, என் அண்ணன் மனைவி, சீனியம்மா மதினி. அவர் சிரித்தார் என்பதுதான் என்னைப் பரணில் ஏற்றியது.

அப்போது நான் சிவகாசியில் ஒரு டிசைன் கடையில் இருந்தேன். இரண்டு கம்ப்யூட்டர், ஒரு மின்விசிறி, ஓர் அண்ணாச்சி. பட்டாசு லேபிளும் காலண்டரும் வடிவமைப்பது தொழில். கடவுள்களைக் கத்தரிப்பது என் வேலை என்று வேடிக்கையாகச் சொல்லிக்கொள்வேன். பழைய படத்திலிருந்து முருகனைப் பின்புலம் ஒட்டாமல் வெட்டி எடுத்து வேறொரு மலையில் நிறுத்துவேன். மவுஸை அங்குலம் அங்குலமாக இழுத்து, வேலின் முனையைச் சுற்றி, மயில் கழுத்தைச் சுற்றி. அந்த நுணுக்கத்தில் எனக்குக் கொஞ்சம் திமிரும் இருந்தது. ஊரில் பாதிச் சுவர்களில் நான் வெட்டிய சாமி தொங்குகிறது என்று நினைத்துக்கொண்டு நடப்பேன். சாமி கும்பிடுகிறவர்களுக்கு அது தெரியாது என்பது வேறு விஷயம்.

தங்கியிருந்தது தாயில்பட்டியில் அண்ணன் வீட்டில். அண்ணன் லாரிக்கு லோடு ஏற்றுவார். மதினிக்கு ஊரை ஒட்டிய பட்டாசுக் கம்பெனி ஒன்றில் மருந்து அறையில் வேலை. வானத்தில் பூப்பூவாக வெடிக்கிறதே, அந்தப் பேன்சி ரகக் குழாய்களில் மருந்து செலுத்துவது. வாசலில் ஒரு செம்புத் தகடு பதித்திருப்பார்கள். உடம்பில் இருக்கிற மின்சாரம் மண்ணுக்கு இறங்க, அதைத் தொட்டுவிட்டுத்தான் உள்ளே காலெடுத்து வைக்கவேண்டும். உள்ளே போனபின் ஒரே சட்டம்: எதையும் இழுக்கக் கூடாது, தேய்க்கக் கூடாது. தட்டோ சல்லடையோ, தூக்கித்தான் வைக்கவேண்டும். மேசையில் நாலு விரற்கடை நகர்த்தினாலும் போர்மேன் அடுத்த அறையிலிருந்து சத்தம் போடுவார். உராய்வு என்ற சொல்லை நான் பள்ளிக்கூடத்தில் படித்தேன். மதினி தோளிலும் மணிக்கட்டிலும் படித்திருந்தார். வீட்டிலும் அப்படித்தான். குடத்தை இழுக்கமாட்டார், பாயைத் தரதரவென்று விரிக்கமாட்டார். சத்தமில்லாத வீடு அது.

ஒரு தீபாவளி முடிந்து கம்பெனி அடைத்திருந்த நாளில் மதினி கேட்டார்.

"கொளுந்தனாரே, ஒங்க கடையில எனக்கு ஒரு சீட்டு கேட்டுப் பாருங்களேன்."

"எதுக்கு மதினி? நாள் பூரா உக்காந்தே கெடக்கணும்."

"அங்கனயும் உக்காந்துதான் செய்யுறேன். ஒங்க கடைன்னா எந்திரிச்சு வீட்டுக்குப் போவோம்னு நிச்சயமாத் தெரியும்ல."

மூன்று வயது மகள் மடியில் இருந்தாள். இப்போது கேம் வாங்கியிருக்கிறாளே, அவள்தான்.

அண்ணாச்சியிடம் கேட்டேன். நல்ல மனுஷர். "தை பொறக்கவும் இன்னொரு ஆளு போடணும்னுதான் இருக்கேன். ஒரு படம் குடுப்பேன், வெட்டித் தரட்டும். சரியா வந்துட்டா ஒங்க மதினியே உக்காரட்டும். மதியத்துக்கு மேல மிசினு சும்மாத்தான கெடக்கு, பழக்கிவிடு" என்றார். கார்த்திகையும் மார்கழியும் கையில் இருந்தன. எனக்கு அது தாராளமாகப் பட்டது.

முதல் நாள் மதினி ஜன்னல் கம்பியைத் தொட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். எனக்குச் சிரிப்பு.

"இங்கன வெடிக்காது மதினி."

"சிரிக்காதீக. தொடாம உக்காந்தா எனக்குத் தூக்கிவாரிப் போடும்."

பிறகு மவுஸைப் பிடித்தார். வயிற்றில் ரப்பர் குண்டு உருளுகிற பழைய மவுஸ். பிடித்தார், அப்படியே மேலே தூக்கினார், நாலு விரற்கடை தள்ளி மெதுவாக, முட்டையை வைப்பதுபோல வைத்தார். திரையில் அம்பு அசையவில்லை. மறுபடி தூக்கினார், வைத்தார்.

"என்ன கொளுந்தனாரே, நான் இங்கிட்டு வந்துட்டேன், அது அங்கனயே நிக்கி."

தூக்காதீர்கள், தேயுங்கள் என்றேன். அந்தச் சொல்லைக் கேட்டதும் அவர் கை நின்றது பாருங்கள், அதை இன்றைக்கும் என்னால் சரியாக எழுதமுடியவில்லை. ஒரு குழந்தையைக் கிள்ளு என்று சொன்னால் நிற்குமே, அப்படி.

பத்து நாள் ஆயிற்று. தேய்ப்பார், நாலு இழுப்புக்கு ஒருமுறை கை தானாக எழும்பிவிடும். அப்போதுதான் எனக்கு அந்த யோசனை. விளையாட்டில் கை பயத்தை மறக்கும் அல்லவா? என்னிடம் ஒரு சி.டி. இருந்தது. வீடு உயர இரும்பு மனிதர்கள்; ஒன்றின் தலைக்குள் நாம் உட்கார்ந்து நடத்தவேண்டும்; கால் ஒரு திசையில் நடக்க, இடுப்புக்கு மேலே வேறு திசையில் திருப்பிச் சுடலாம். இரண்டு கம்ப்யூட்டரையும் ஒரு கேபிளில் இணைத்தேன். அண்ணாச்சி கடை சாத்துகிற ஞாயிற்றுக்கிழமை மதியம், சாவி என்னிடம், எதிரும் புதிருமாக உட்கார்ந்தோம்.

மவுஸில் நான் ராஜா. கண் போகிற இடத்துக்குத் துப்பாக்கி போகும். மதினியின் ஆள் திரும்புவதற்குள் அதன் முழங்காலை ஒடித்துப் போடுவேன். ஆறு ஆட்டம், ஆறும் நான். ஏழாவதில் மதினி கையை மடியில் வைத்துக்கொண்டார்.

"இது என்னமோ ஈ வெரட்டுற மாதிரி இருக்கு. எம்புட்டுப் பெரிய உருவம், தேரு மாதிரி. தேர யாராச்சும் வெடுக்குனு திருப்புவாகளா?"

அடுத்த வாரம் மதுரையில் பழைய சாமான் கடையில் இந்த ஜாய்ஸ்டிக்கைப் பார்த்தேன். விமானம் ஓட்டுகிற கேமுக்கு என்றார் கடைக்காரர். வாங்கிவந்து மதினி முன்னால் வைத்தேன். இப்போது சொல்கிறேன், நான் அந்தப் பருவத்தில் செய்த நல்ல காரியம் என்று வெகுநாள் நினைத்திருந்தது இது.

ஜாய்ஸ்டிக்கை இழுக்க வேண்டாம், தேய்க்க வேண்டாம். அது இருந்த இடத்தில் இருக்கும். சாய்த்தால் சாயும், விட்டால் வில் இழுத்து டொக் என்று நடுவுக்கு வரும். கைப்பிடியை முறுக்கினால் இரும்பு மனிதன் இடுப்பைத் திருப்புவான். பக்கத்தில் ஒரு சின்ன நெம்புகோல், வேகத்துக்கு. மதினி பிடித்த பிடியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. தேரில் முட்டுக்கட்டை போடுகிறவர்கள் அரை அங்குலத்துக்குக் காத்திருப்பார்களே, அந்தப் பொறுமை அவர் மணிக்கட்டில் ஏற்கெனவே இருந்தது.

அந்த விளையாட்டில் இன்னொன்று உண்டு. சுடச்சுட எந்திரம் சூடேறும். ஓரத்தில் ஒரு கோடு சிவந்துகொண்டே வரும். எல்லை தாண்டினால் எந்திரம் அணைந்து அப்படியே நின்றுவிடும். நான் எதிரியைப் பார்ப்பேன், மதினி அந்தக் கோட்டைப் பார்ப்பார். வெயில் ஏறுமுன் மருந்து வேலையை முடிக்கிறவருக்குச் சூட்டைப் பற்றி யாரும் சொல்லித்தரவேண்டியதில்லை. வரைபடத்தில் எங்கே தண்ணீர் இருக்கிறதென்று தேடி அதில் போய் நிற்பார். தண்ணீரில் நின்றால் சூடு சீக்கிரம் இறங்கும் என்று அவராகவே கண்டுபிடித்தது.

"என்ன மதினி, ஆனைக்குட்டம் அணையில குளிக்க எறங்கிட்டீகளா?"

"ஒங்களுக்கும் சேத்து எடம் பிடிச்சு வச்சிருக்கேன். வாங்க."

நான் போவேன். மவுஸை விசிறி விசிறி எல்லாத் துப்பாக்கியையும் சுடுவேன். குறி பிசகாது, ஆனால் கோடு சிவந்து என் எந்திரம் அணைந்து நிற்கும். மதினி தண்ணீருக்குள்ளிருந்து மெல்ல எழுந்து, மெல்ல இடுப்பைத் திருப்பி, ஒரே ஒரு குண்டு. பிறகு சிரிப்பார். அந்த வீட்டில் நான் கேட்டறியாத சிரிப்பு, வாயைப் பொத்தாத சிரிப்பு. தோற்பதில் எனக்கு ஒரு சுகம் வந்துவிட்டது. ஞாயிறுக்கு மட்டும் என்றிருந்தது மற்ற நாட்களுக்கும் வந்தது. மவுஸைத் தொடுகிற நேரம் ஒரு மணியாகி, அரை மணியாகி, சில நாள் இல்லவே இல்லை. நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இவ்வளவு கெட்டிக்காரருக்கு மவுஸ் எம்மாத்திரம், தானாக வரும் என்று இருந்துவிட்டேன். கெட்டிக்காரத்தனம் எங்கே இருக்கிறது என்று பார்க்கவில்லை. அந்தக் கை எதில் கெட்டியோ அதையே நான் இன்னும் கெட்டியாக்கிக்கொண்டிருந்தேன்.

தை பிறந்தது. அண்ணாச்சி தாமரையில் நிற்கிற லட்சுமி படத்தைக் கொடுத்தார். மதினி ஜன்னல் கம்பியைத் தொட்டுவிட்டு உட்கார்ந்தார். கிரீடம் நன்றாகவே வந்தது. தோள் வந்தது. அண்ணாச்சி பின்னால் வந்து நின்று, பார்ப்போமே என்று கண்ணாடியை மாட்டினார். மதினியின் கை மேசையைவிட்டு எழும்பியது. எழும்பி, இறங்கி, எழும்பி. அம்பு ஓரிடத்தில் நின்று, இன்னோரிடத்துக்குத் தாவியது.

"ஏம்மா, லட்சுமிக்குச் சுண்டுவெரலக் காணோமே."

"ஆமாங்க அண்ணாச்சி. போயிருச்சு."

அவர் கோபித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். தேநீர் வாங்கிக் கொடுத்து அனுப்பினார். மறு வாரம் விருதுநகரிலிருந்து கம்ப்யூட்டர் படித்த பெண் ஒருத்தி அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். லட்சுமியை வெட்டிய அன்று, வீடு திரும்பும் பஸ்ஸில் மதினி சொன்னது இவ்வளவுதான்: "ஒங்க மேல ஒண்ணுமில்ல. கை கேக்கல."

அண்ணன்தான் கேட்டார். "ஏலே, வேல பழகப் போனீகளா, வெளையாடப் போனீகளா?"

"ரெண்டுந்தான். சோறு வைக்கட்டா?" என்றார் மதினி.

கம்பெனி பூஜை போட்டுத் திறந்தது. மதினி மறுபடி செம்புத் தகட்டைத் தொட்டு உள்ளே போனார். எங்கள் பக்கத்தில் ஒரு பழக்கம் உண்டு. தூரத்தில் சத்தம் கேட்டால் எல்லாரும் தெருவுக்கு வந்து வானத்தைப் பார்ப்போம், புகை எந்தப் பக்கம் என்று. அதற்குப் பின் நான்கு தீபாவளிக்கான வேலை. அந்த நான்கு வருஷமும் நான் கேட்ட சத்தங்கள், கல் உடைக்கிற வெடி, லாரி டயர், கல்யாண வீட்டு அதிர்வேட்டு, ஒவ்வொன்றுக்கும் மவுஸைப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடினேன். விருதுநகர்ப் பெண் நிமிர்ந்து பார்ப்பாள். அவள் நாற்காலியைத் தாண்டித்தான் வாசலுக்குப் போகவேண்டும்.

நான்காவது தீபாவளிக்கு முந்தின மாதம் புகை தாயில்பட்டிப் பக்கமே எழுந்தது. நான் பஸ் பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது மதினி முள்ளுக்காட்டுக்குள் நடந்து வந்துகொண்டிருந்தார், ஒரு காலில் மட்டும் செருப்போடு. "பக்கத்துக் கம்பெனி" என்றார். தண்ணீர் கேட்டார். அந்த மாதமே அண்ணன் திருப்பூருக்குப் போவதென்று முடிவு செய்தார். அங்கே மதினி தையல் மெஷின் பழகினார். துணியை விரலால் தள்ளித் தள்ளி, ஊசிக்கு அடியில் இழுத்துக்கொண்டே இருக்கவேண்டிய வேலை. எத்தனை மாதம் பிடித்தது என்று நான் கேட்டதில்லை.

இன்று அந்தக் கடை இருந்த இடத்தில் செல்போன் உறை விற்கிறார்கள். வயிற்றில் குண்டு உருளுகிற மவுஸ் எங்கும் இல்லை. வாரத்துக்கு ஒருமுறை அந்தக் குண்டைக் கழற்றி அதில் அப்பிய அழுக்கை நகத்தால் சுரண்டுவோம், அது தெரிந்த விரல்களும் குறைந்துவிட்டன. அண்ணாச்சி இல்லை. கடவுள்களை இப்போது எந்திரமே ஒரு சொடுக்கில் வெட்டித் தருகிறது, விரல் போவதில்லை. தண்ணீருக்குள் காத்து நிற்கிற அந்த இரும்பு மனிதனும், வாயைப் பொத்தாத அந்தச் சிரிப்பும் எந்தச் சி.டி.யிலும் இல்லை. அண்ணன் மகளுக்கு "ஜாய்ஸ்டிக்" என்று அடித்தேன், சண்டை அதில்தான் சண்டை மாதிரி இருக்கும். அழித்தேன். "மவுஸ்" என்று அடித்தேன், ஜெயிப்பது அதில்தான். அதையும் அழித்தேன்.

அண்ணன் குடும்பம் ஊரைவிட்டுக் கிளம்பிய அன்று, சிவகாசி பஸ் நிலையத்தில் திருப்பூர் பஸ் நின்றிருந்தது. மகள் அண்ணன் தோளில் தூங்கிக்கொண்டிருந்தாள். மதினி ஜன்னலோரம். ஜாய்ஸ்டிக்கைக் காலண்டர் கழிவுத்தாளில் சுற்றிக் கொண்டுபோயிருந்தேன். அங்கே கம்ப்யூட்டர் ஏது, சும்மா ஞாபகத்துக்கு. ஜன்னல் வழியே கொடுத்தேன். மதினி முதலில் ஜன்னல் கம்பியைத் தொட்டார். பிறகு தாளைப் பிரித்து, மடியில் வைத்து, கைப்பிடியை ஒரு பக்கம் சாய்த்து விட்டார். டொக். டிரைவர் ஏறினார். மதினி அதைத் திரும்பச் சுற்றி, இரண்டு கையாலும் தூக்கி, கம்பியில் உரசாமல் என்னிடம் நீட்டினார்.

"ஒங்ககிட்டயே இருக்கட்டும் கொளுந்தனாரே. இது கையில இருந்தா நான் இன்னொண்ணப் பழகமாட்டேன்."