முதலாளிக்குப் போட்ட நாற்காலி

திருச்செங்கோட்டுப் பக்கம் ஒரு கல்லூரி. அதில் நாங்கள் படித்த வகுப்பறையின் கடைசியில், சிவப்பு மெத்தை தைத்த நாற்காலி ஒன்று கிடக்கும். மற்றதெல்லாம் பெஞ்சு. மாணவர்கள் யாரும் அதில் உட்கார்ந்ததில்லை. பையைக்கூட வைக்க மாட்டோம். நேற்று ஞாயிற்றுக்கிழமை அதில் நான் உட்கார்ந்தேன். கண்ணுகளா, அதைச் சொல்லத்தான் உங்களுக்கு இதை எழுதுகிறேன்.

அந்த நாற்காலியைப் போடச் சொன்னவர் எங்கள் மேடம். வேலைக்குப் போகிறவர்கள் படிக்கிற மாதிரி எம்.பி.ஏ. படிப்பை மாற்றி அமைக்கும் பொறுப்பைக் கல்லூரி அவரிடம் கொடுத்திருந்தது. அறைக்குள் உட்கார்ந்து எழுதிவிடலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. போர்வெல் போடும் ரிக் லாரிகளின் பட்டறை, கோழிப்பண்ணை, எங்கள் தீவன மில் என்று ஸ்கூட்டரில் அலைந்தார். விடிய விடிய வந்த மக்காச்சோள லோடில் மூட்டையைக் குத்தி நான் ஈரம் பார்த்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து நின்று, "ஏனுங்க, நீங்க எப்பத்தான் தூங்குவீங்க?" என்று கேட்டார். தபாலில் பி.காம். முடித்தவனுக்கு இந்தப் படிப்பெல்லாம் எதுக்குங்க என்றேன். "உங்க வேலைதானுங்க பாடமே. அத நீங்க வந்து எங்களுக்குச் சொல்லோணும்" என்றார். அந்த ஒரு பேச்சுக்காகத்தான் சேர்ந்தேன்.

வகுப்பை ஞாயிறுக்கு மாற்றினார். ரிக் லாரிக்காரர்கள் வெளிமாநிலத்தில் இருக்கும் மாதங்களில் போனிலேயே பாடம் நடத்தினார். மனப்பாடப் பரீட்சையைக் குறைத்துவிட்டு, அவரவர் வேலை பார்க்கும் இடத்தில் எதை மாற்றலாம் என்று கடைசியில் எழுந்து நின்று சொல்ல வேண்டும் என்று வைத்தார். அதைக் கேட்க முதலாளியே வர வேண்டும். இது உதவும் என்று அவர் சொன்னால்தான் பாஸ். ஆளின் அருமை முதலாளிக்குத் தெரியும், சம்பளம் ஏறும் என்று மேடம் மனசார நம்பினார். நாங்களும் நம்பினோம். ஆனால் நாற்காலி வந்த நாளிலிருந்து வகுப்பில் பேச்சு குறைந்துபோனது. "மொதலாளிக்கு முன்னாலயே நாற்காலி வந்து உக்காந்துக்கிச்சு. பாத்துப் பேசுங்கப்பா, அதுக்குக் காது கீது இருக்கப் போவுது" என்பார், எங்களோடு படித்த ஒரு கோழிப்பண்ணை சூப்பர்வைசர். அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். சிரிப்போம், சிரித்துவிட்டு ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொள்வோம்.

முதலில் பேசியதும் அந்த அண்ணன்தான். ஆள் வைத்து முட்டை பொறுக்காமல் பெல்ட்டிலேயே வர வைக்கலாம் என்று படம் போட்டுக் காட்டினார். அவர் முதலாளி மெத்தையில் சாய்ந்து, கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பிறகு எழுந்து வந்து தோளைத் தட்டி, "இத்தன நாளா இத எங்கப்பா வெச்சிருந்த?" என்றார். நாங்கள் கைதட்டினோம். பண்ணைக்கு பெல்ட் வந்தது. முட்டை பொறுக்கிய பெண்களை நிறுத்தினார்கள். ஆளே இல்லாத ஷெட்டுக்கு சூப்பர்வைசர் எதற்கு? பட்டம் கைக்கு வருவதற்குள் அண்ணனுக்கு வேலை போய்விட்டது.

அது தெரிந்த ஞாயிறு, மேடம் பாடம் எடுக்கவில்லை. நாற்காலியைத் தானே இழுத்து, சுவரைப் பார்க்கத் திருப்பிப் போட்டார். "மொதலாளி வரோணும்னு யோசிச்சேன். கேட்டுட்டுப் போய் என்ன பண்ணுவாருன்னு யோசிக்கலீங்க" என்றார். அந்த விதியை எடுத்துவிடக் கல்லூரியில் கேட்டுப் பார்த்தார். முதலாளிகளுக்குப் பிடித்துப்போய், ஆள்களை அவர்களே அனுப்பத் தொடங்கியிருந்த சமயம். எடுக்க மாட்டோம் என்றார்கள். மறுவாரம் நாற்காலி எங்களைப் பார்த்துத் திரும்பியிருந்தது. அந்த வருடத்தோடு மேடம் கல்லூரியை விட்டே போய்விட்டார். என் முறை வந்தபோது எங்கள் முதலாளி வராமல் போனிலேயே சரி சொல்லிவிட்டதால் நான் தப்பித்தேன்.

இந்தத் தடவை எங்கள் மில்லில் இன்னொருவர் முறை. முதலாளி தனக்கு உடம்பு முடியவில்லை என்று, அந்த நாற்காலியில் உட்கார என்னை அனுப்பினார். "நீ போய்க் கேட்டுட்டு வா. ஒண்ணு விடாம எனக்குச் சொல்லோணும்" என்றார். பேசியது எங்கள் மில் கணக்குப் பிரிவில் இருக்கிற, உங்களுக்கு மல்லிகைச் செடி கொண்டுவந்து கொடுத்த அத்தை. லோடு வந்ததும் மெஷினே ஈரம் பார்த்துவிடும், எந்த லாரியில் முதலில் லோடு இறக்கலாம் என்பதையும் அதுவே சொல்லிவிடும் என்று விளக்கினாள். அது என் வேலை. பாதியில் அவளுக்கே உறைத்திருக்க வேண்டும், குரல் இறங்கியது. பயப்படாமல் பேசட்டும் என்று நான் எழுந்து பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். அப்போதும் அவள் அந்தக் காலி நாற்காலியைப் பார்த்தேதான் பேசி முடித்தாள்.

வெளியே வந்ததும், "அண்ணா, நான் உங்கள மனசுல வெச்சு இதச் செய்யலீங்ண்ணா" என்றாள்.

"தெரியுஞ் சாமி. நல்லாத்தான் பேசுன."

நாளை முதலாளி மில்லுக்கு வருகிறார். ஒன்று விடாமல் சொல்லத்தான் போகிறேன். நான் மறைத்தால் அவள் பாஸாக முடியாது. கைக்குழந்தையை விட்டுவிட்டு வந்து படித்தவள். இனிமேல் காலை நேரத்தில் நான் வீட்டில் இருந்தால், நீங்கள் அந்த அத்தையை ஒரு வார்த்தை சொல்லக் கூடாது. செடிக்குத் தண்ணீர் விடுவதையும் நிறுத்தக் கூடாது.

நேற்று வண்டியை எடுக்கும்போது ஜன்னல் வழியாக உள்ளே பார்த்தேன். அடுத்த ஞாயிறுக்காக வாட்ச்மேன் அந்த மெத்தையைத் தட்டித் துடைத்து, நாற்காலியை நேராகப் போட்டுக்கொண்டிருந்தார்.